தானா பூட்டிக்கிற கதவு

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை. இந்தப் பக்கம் முப்பது பேரு. வண்டிச் சாவியும் அந்தப் பக்கம்தான். இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கு, ஏசி ஓடிக்கிட்டு இருக்கு, நாலு கதவும் பூட்டிக்கிச்சு. எங்க மாமா ஒரு இரும்பு ஸ்கேலைக் கண்ணாடி இடுக்குல விட்டு ஆட்டிக்கிட்டு, "ரெண்டு நிமிஷம், ரெண்டே நிமிஷம்"ங்கிறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம்.

கையில என்ன கட்டுன்னு கேட்டீங்கள்ல அண்ணாச்சி, அதத்தான் சொல்றேன். பாதியில குறுக்க பேசாதீங்க. முதல்ல உங்க பையை உங்க காலுக்குக் கீழ தள்ளிக்கங்க, ஏறுனதுல இருந்து என் முட்டியில இடிக்குது. என்னமோ மூட்டைக்கும் சேத்து டிக்கெட் எடுத்த மாதிரி வச்சிருக்கீங்க.

என் பேரு மாரீஸ்வரன். சாத்தூருக்குத் தெக்க ஒரு ஊரு. பதினொன்னாவதோட நின்னாச்சு. ஏன் நின்னேன்னு கேக்காதீங்க, ஊரே கேட்டு முடிச்சிருச்சு. ஒரு இடத்துல உக்கார முடியல, அவ்வளவுதான். வாத்தியார் பேச ஆரம்பிச்சா என் கால் ஆட ஆரம்பிச்சிரும். எங்கப்பா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ரெண்டு வருசம் ஆச்சு. "அந்தத் தண்டத்தைச் சாப்பிட வரச் சொல்லு." இதுதான் என் பேரு வீட்டுல. ஆனா ஒன்னு, நான் மனசுல ஒன்னு வச்சு வெளிய ஒன்னு பேசுற ஆள் இல்ல. மூஞ்சிக்கு நேராச் சொல்லிருவேன். அதனாலயே எவனுக்கும் என்னைப் பிடிக்காது. பிடிக்கலைன்னா போகட்டும்.

உள்ள இருந்த பிள்ளை எங்கண்ணன் மக. மகிழினி. பதினோரு மாசம். அன்னிக்கு அதுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும், உங்களுக்குத் தெரியாததா. மாமன் வரலைன்னா ஆசாரி ஊசியையே வெளிய எடுக்க மாட்டாரு. அதனால அன்னிக்கு ஒரு நாள் அந்த மாமன்தான் ராசா. அவரு உக்காருன்னா உக்காரணும், நில்லுன்னா நிக்கணும். அவரு முகம் கோணிச்சுன்னா எங்க ஆளுங்க எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க.

எங்க மதினிக்கு, எங்கண்ணன் பொண்டாட்டியச் சொல்றேன், பூங்கொடின்னு பேரு, அவங்களுக்கு அம்மா அப்பா கிடையாது. பொறந்த வீடுன்னு சொல்லிக்க இந்த அண்ணன் ஒருத்தர்தான். தவமணி. எட்டயபுரத்துல பந்தல் சாமான் வாடகைக்கு விடுறாரு. கறுப்பா, கனமா, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. எதையும் ரெண்டு தடவ சொல்லுவாரு. "வாங்க வாங்க. சாப்டாச்சா சாப்டாச்சா." எனக்கு அந்த ஆளை ஆரம்பத்துல இருந்தே பிடிக்காது. காரணமா? காரணம் இருந்தாத்தான் பிடிக்காமப் போகணுமா? வீட்டுக்கு வந்தா மத்தவங்க எல்லாரையும் விட்டுட்டு என்கிட்ட வந்து உக்காருவாரு. "ஏம்ய்யா ஈஸ்வரா, பரீச்சையைத் தனியாக் கூட எழுதலாமாம்ல, எழுதலாம்ல. பணம் நான் கட்டுறேன்." எழுதலாம்ல! இவரு எத்தனையாவது வரைக்கும் போனாருன்னு கேக்கணும். கேட்டேன் ஒரு நாள். "அஞ்சாவதுய்யா"ன்னாரு, வெக்கமே இல்லாம.

அவர்கிட்ட ஒரு வண்டி இருக்கு. பெருசு, ஏழு பேர் உக்காரலாம். அவர் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே மூணு பேரு ஓட்டித் தீத்தது. என்னைவிட ரெண்டு வயசுதான் சின்னது அந்த வண்டி. பம்பரைத் தொடச்சுத் தொடச்சு கண்ணாடி மாதிரி வச்சிருப்பாரு. பின்னாடி டிக்கி கண்ணாடியில பெருசா 'மகிழினி'ன்னு ஒட்டியிருப்பாரு, பிள்ளை பொறந்த மூணாம் நாளே ஒட்டுனது. வெளிய இவ்வளவு ஜோடனை. உள்ள பூட்டுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு.

சென்ட்ரல் லாக்கு அண்ணாச்சி. டிரைவர் கதவை வேகமாச் சாத்துனாப் போதும், டக்குனு நாலு கதவும் பூட்டிக்கும். சில நேரம் பூட்டிட்டு அதுவா தொறந்துக்கும். சில நேரம் ரோட்டுல போய்க்கிட்டு இருக்கும்போதே டக் டக்குனு அடிச்சுக்கும். உள்ள மோட்டார் தேஞ்சு போச்சாம், வயரு எங்கயோ உரசுதாம். புதுசு போடணும்னு மெக்கானிக் சொல்லியிருக்கான். இவரு போடல. "எனக்கு அதோட குணம் தெரியும், குணம் தெரியும்"னாரு. வண்டிக்கு என்ன குணம்? இரும்புதான அது?

அன்னிக்குக் காலையில மதினியையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போக அவரே வண்டியோட வந்தாரு. நானும் ஏறிக்கிட்டேன். போற வழியெல்லாம் ஒரே பாடம். "ஈஸ்வரா, டிரைவர் கதவை மட்டும் அடிச்சுச் சாத்திராத. இறங்குனா சாவியைக் கையில எடுத்துக்கணும். இல்லைன்னா கண்ணாடியை இறக்கி விட்டுட்டு இறங்கணும், இறக்கி விட்டுட்டு இறங்கணும்." கேட்டுக்கிட்டேன். யாரு கேக்கலைன்னா?

எங்க கோயில் கம்மாய்க்கரைக்குக் கீழ இருக்கு. இருளப்பசாமி. இருக்கிறது ஒத்த வேப்பமரம், அதுக்குக் கீழ எங்க ஆளுங்க முன்னாடியே வந்து அடுப்புக் கூட்டிட்டாங்க. வண்டி நிறுத்த நிழலே கிடையாது. பிள்ளை நடு சீட்டுல தூங்கிருச்சு. எழுப்பினா அழும். காது குத்துறதுக்கு முன்னாடியே அழுதா அப்புறம் மடியில உக்காராது. அதனால மாமா இன்ஜினை நிறுத்தாம, ஏசியை ஓட விட்டுட்டு இறங்குனாரு. கதவைத் தொட்டில் பிள்ளையைப் படுக்க வைக்கிற மாதிரி மெதுவாச் சாத்துனாரு.

மதினி என்கிட்ட சொன்னாங்க. "ஈஸ்வரா, மாவிளக்கு வச்சிட்டு ஓடி வந்துர்றேன். நீ இறங்கிறாத. பிள்ளைகூடவே இரு." சரின்னேன். டிரைவர் சீட்டுல போய் உக்காந்துக்கிட்டேன்.

அப்புறம் மாமா தட்டு தூக்கக் கூப்பிட்டாரு. சீர்த்தட்டு முப்பத்தஞ்சு, தனி வேன்ல வந்து நிக்குது. "ஏலே பசங்களா, வாங்கடா, ஆளுக்கு ஒன்னு பிடிங்கடா." நான் இறங்குனேன். டக்.

அவ்வளவுதான். தானா பூட்டிக்கிச்சு.

அதுக்கு அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்க. முதல்ல யாருமே பயப்படல. பிள்ளை உள்ள குளுகுளுன்னு தூங்குது, ஏசி ஓடுது, என்ன இப்பன்னு நின்னாங்க. மாத்துச் சாவி எட்டயபுரத்துல பீரோவுக்குள்ள இருக்கு. போய் வர ஒன்றரை மணி நேரம். ஒருத்தன் பைக்குல கிளம்புனான். சாத்தூர் மெக்கானிக்குக்குப் போன் போட்டாங்க, "இருவது நிமிஷத்துல வாரேன்"னான். மெக்கானிக்கோட இருவது நிமிஷம் எவ்வளவு நேரம்னு உங்களுக்கே தெரியும். மாமா ஸ்கேலை எடுத்துட்டாரு. "நான் இப்படி எத்தனை தடவ தொறந்திருக்கேன், எத்தனை தடவ." கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவுல விட்டு உள்ள துழாவுறாரு.

எங்கப்பா மரத்தடியில நின்னுக்கிட்டு, "எல்லாரும் தள்ளுங்கப்பா, தவமணி மாப்ள பாத்துக்குவாரு"ன்னு கூட்டத்தை ஒழுங்கு பண்ணுறாரு. பெரிய மனுசத்தனம். ஆசாரி வந்து, "பன்னண்டரைக்கு மேல எனக்கு இன்னொரு கோயில்ல நாலு காது இருக்கு"ங்கிறாரு. நான் சொன்னேன், "அப்ப போய் அந்தக் காதைக் குத்தும்." அதுக்கு எங்கம்மா என்னை ஒரு அடி.

பிள்ளை முழிச்சிக்கிச்சு. எழுந்து கண்ணாடியைப் பிடிச்சு நின்னு பாக்குது. வெளிய முப்பது மூஞ்சி. சிரிச்சிச்சு. உடனே எல்லாருக்கும் உற்சாகம் வந்துருச்சு. "தங்கம், அந்தக் குமிழைப் பிடிச்சு மேல இழு. இப்படி, இப்படி." வேட்டி கட்டுன ஆம்பளைங்க, பட்டுச்சேலை கட்டுன பொம்பளைங்க, எல்லாரும் இல்லாத குமிழைக் காத்துல பிடிச்சு இழுக்கிறாங்க. பதினோரு மாசப் பிள்ளைக்குப் பாடம் எடுக்கிறாங்க அண்ணாச்சி. அது கையைத் தட்டுது. இவங்க விளையாடுறாங்கன்னு நினைச்சுக்கிச்சு. ஒரு கிழவன் டாட்டா காட்டுனாரு, அதுவும் டாட்டா காட்டுச்சு.

நான் மதினியைப் பாத்தேன். அவங்க மட்டும் சிரிக்கல. கண்ணாடியில உள்ளங்கையை வச்சுக்கிட்டு அசையாம நின்னாங்க.

அப்பத்தான் இன்ஜின் நின்னுச்சு.

ரெண்டு தடவ குலுங்கி நின்னுச்சு. டீசல் தீந்துபோச்சு. முப்பத்தஞ்சு தட்டுல பழமும் பட்டும் வெள்ளிக் கொலுசும் அடுக்கத் தெரிஞ்ச ஆளுக்கு வண்டியில டீசல் பாக்கத் தெரியல. அதுவரைக்கும் அந்தச் சத்தம் இருந்தது கூட யாருக்கும் தோணல. நின்னப்புறம்தான் அம்புட்டுப் பேருக்கும் அது கேட்ட மாதிரி இருந்துச்சு.

சித்திரை வெயிலு. கரிசக்காட்டுப் பொட்டல். வண்டி மேல கை வைக்க முடியாது. அஞ்சு நிமிஷத்துல பிள்ளை அழ ஆரம்பிச்சிருச்சு. முடியெல்லாம் நெத்தியில ஒட்டிப்போச்சு. ஈரத்துணியைக் கொண்டாந்து வண்டி மேல போடுறாங்க, குடத்துத் தண்ணியை ஊத்துறாங்க. மாமாவோட ஸ்கேலு வளைஞ்சு போச்சு, அடுத்து கம்பியை எடுத்தாரு. "ரெண்டு நிமிஷம்."

எங்கண்ணன் பக்கத்துல போய் நிக்கிறான். சுந்தரபாண்டின்னு பேரு, பேருதான் பாண்டி. "மச்சான்... கண்ணாடியை உடைச்சிருவமா?" கேக்கிறான் அண்ணாச்சி! பெத்த தகப்பன், உள்ள பிள்ளை, அனுமதி கேக்கிறான். ஏன்னா மாமன் வண்டி. மாமன் கோவிச்சுக்கிட்டா மடி கிடைக்காது. மாமா திரும்பாமலே, "அவசரப்படாதீக மாப்ள, பிள்ளை கண்ணாடியை ஒட்டி நிக்குது, மேல விழுந்துரும், மேல விழுந்துரும்"ன்னாரு. நல்ல சாக்கு. எங்கப்பா உடனே, "ஆமாப்பா, மாப்ள சொல்றதைக் கேளுங்க"ன்னாரு. முப்பது பேர்ல ஒருத்தனுக்குக் கூட அந்தக் கண்ணாடியைத் தொடத் துணிச்சல் இல்ல.

பிள்ளை அழுகை குறைஞ்சிச்சு. அழுகை குறைஞ்சா நல்லதுன்னு நினைக்கிற கூட்டம் அது. எனக்கு அது நல்லதாத் தெரியல. மாமா கம்பியை வீசிட்டு வண்டிக்குப் பின்பக்கம் ஓடுனாரு. அவ்வளவுதான், நான் அடுப்புக்கிட்ட போனேன். எங்கம்மா பொங்கல் பானைக்கு மூணு கல்லு முட்டுக் குடுத்திருந்துச்சு. அதுல ஒன்னை உருவுனேன். பானை கவுந்துருச்சு. சூடான கல்லு அண்ணாச்சி, கொதிக்குது. கண்ணாடி கிழிச்ச காயம்னு நினைச்சீங்களா இது? சூடு. தோலு கல்லுலயே ஒட்டிக்கிச்சு. அப்ப ஒன்னும் தெரியல. நடுக் கதவுக் கண்ணாடியில ஒரே போடு. பொரி கொட்டுன மாதிரி கொட்டுச்சு. உள்ள கையை விட்டுக் குமிழை இழுத்து, கதவைத் தொறந்து பிள்ளையைத் தூக்கிட்டேன்.

கன்னத்துல சின்னக் கீறல் இருந்துச்சு. சின்னதுதான். ரெண்டு தையல். அதை ஒரு பெருசாச் சொல்லுவாங்க பாருங்க.

மாமா டிக்கிப் பக்கம் ஒரு செங்கல்லோட நின்னாரு. பின் கண்ணாடியை உடைக்கப் போனாராம், அந்தப் பக்கம்னா பிள்ளை மேல தெறிக்காதாம். எல்லாம் முடிஞ்சப்புறம் நான் உடைக்கப் போனேன், நான் குதிக்கப் போனேன்னு யாரு வேணும்னாலும் சொல்லிக்கலாம். கையில செங்கல் இருந்துச்சா இல்லையான்னா, இருந்துச்சு. இல்லைன்னு நான் சொல்லல.

வேன்ல சாத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. உப்புத் தண்ணி குடுத்து, தையல் போட்டு, ரெண்டு மணி நேரம் வச்சுப் பாத்துட்டு, ஒன்னும் பயமில்லைன்னு அனுப்பிட்டாங்க. எனக்கும் கையில மருந்து போட்டாங்க. திரும்பி வரும்போது மூணு மணி. கிடா வெந்து கிடக்கு. ஆசாரி போயாச்சு. எங்கப்பா என்னை வேன்ல இருந்து இறங்க விடல அண்ணாச்சி, அப்படியே தோளைப் பிடிச்சுக்கிட்டாரு. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னாரு, "எம்மகன் மாரீஸ்வரன் இல்லைன்னா இன்னிக்கு என் வீட்டுல எழவு விழுந்திருக்கும்." முழுப் பேரு. ரெண்டு வருசத்துக்கு அப்புறம். சித்தப்பா ஒருத்தர் எனக்குத் துண்டு போர்த்துனாரு. அடிச்ச அம்மா திருநீறு பூசி விட்டுச்சு. ஒரு நாள்ல நான் மனுசனாயிட்டேன்.

மாமா வேப்பமரத்துக்குக் கீழ தனியா உக்காந்திருந்தாரு. வெள்ளைச் சட்டையெல்லாம் கிரீஸு. மாத்துச் சாவி அதுக்குள்ள வந்து சேந்துருச்சு, அதைக் கையில வச்சு உருட்டிக்கிட்டு இருந்தாரு. என்னைப் பாத்ததும் எழுந்து வந்தாரு. கோவமாக் கேட்டிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். மெதுவாக் கேட்டாரு.

"ஈஸ்வரா, நீ ஏன்யா இறங்குன?"

ஒரே தடவதான் கேட்டாரு. எல்லாரும் பாக்கிறாங்க. எங்கப்பா கை என் தோள் மேல இருக்கு.

"நீங்கதான மாமா தட்டு தூக்க வாங்கடான்னு கூப்டீங்க"ன்னேன்.

அவரு யோசிச்சாரு. கண்ணை ஒரு தடவ மூடித் தொறந்தாரு. "ஆமா," அப்படின்னாரு. "கூப்பிட்டேன். நான்தான் கூப்பிட்டேன்."

உடனே எங்கண்ணனுக்கு வீரம் வந்துருச்சு. காலையில அனுமதி கேட்டவன். "காயலாங்கடை வண்டியில எம்பிள்ளையை ஏத்தி, காவலுக்கு இருந்தவனையும் கூப்பிட்டு வச்சிக்கிட்டு, எங்களைக் கொல்லவா வந்தீரு?" எங்கப்பா, "மாப்ளைன்னு பாத்தேன், மாப்ளைன்னு பாத்தேன்"னு குதிக்கிறாரு, அவரும் ரெண்டு தடவ. மாமா மடி விரிக்கிறதுக்குன்னு தோள்ல போட்டிருந்த புதுத் துண்டை எடுத்து மடிச்சாரு. "என் கையாலதான் இவ்வளவும் ஆச்சு. இனி எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் அவளை மடியில உக்கார வைப்பேன்"னாரு. டீசல் வாங்கிட்டு வரச் சொல்லி ஊத்திக்கிட்டு, உடைஞ்ச கண்ணாடியோட கிளம்பிட்டாரு. முப்பத்தஞ்சு தட்டும் அங்கயே கிடந்துச்சு. மதினி "அண்ணே"ன்னு பின்னாடியே கரை வரைக்கும் ஓடுனாங்க. வண்டி நிக்கல.

கறிச்சோறு வீணாப்போகக் கூடாதுன்னு எல்லாரும் சாப்பிட்டோம். நான் மூணு தடவ வாங்குனேன். இடது கையால சாப்பிடக் கூடாதுன்னு எங்கம்மா ஊட்டி விட்டுச்சு.

ஏன் அப்படிப் பாக்கிறீங்க?

சரி. உங்ககிட்ட மறைச்சு எனக்கு என்ன ஆகப்போகுது. நீங்க மதுரையில இறங்கிருவீங்க. மாமா கூப்பிட்டாரு, அது நிஜம். ஆனா அவரு கூப்பிட்டப்ப நான் ஏற்கனவே வெளியதான் நின்னேன். கோயம்புத்தூர்ல இருந்து ரூபன் போன் பண்ணினான், என்கூடப் படிச்சவன், பம்ப் கம்பெனியில ஆள் எடுக்கிறாங்கன்னு. வண்டிக்குள்ள சிக்னல் விட்டு விட்டு வந்துச்சு. உக்காந்து உக்காந்து எனக்கும் கால் ஆட ஆரம்பிச்சிருச்சு. இறங்குனேன். காலாலயே ஒரு உதை விட்டுக் கதவைச் சாத்திட்டுக் கரை மேல ஏறிட்டேன். டக்குனு கேட்டுச்சு. கேட்டுச்சு அண்ணாச்சி, எனக்கு என்ன செவிடா? அது சில நேரம் தானா தொறந்துக்கும்ல, தொறந்துக்கும்னு நினைச்சேன். பத்து நிமிஷம் பேசியிருப்பேன். பேசிக்கிட்டு இருக்கும்போதுதான் அவரு தட்டுக்குக் கூப்பிட்டாரு. போய் ரெண்டு தட்டும் தூக்குனேன். அப்புறம்தான் வண்டிப் பக்கம் போனேன்.

இப்ப சொல்லுங்க, நான் சொன்னது பொய்யா? அவரு கூப்பிட்டாரா இல்லையா? கூப்பிட்டாரு. வண்டி ஓட்டையா இல்லையா? ஓட்டை. டீசல் போடாதது நானா? அப்ப நான் மட்டும் எதுக்குச் சொல்லணும்?

மாமா வீட்டுல இருந்து யாரும் வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லிட்டாரு. மதினி போன்ல இருந்து அவங்க அண்ணன் நம்பரை எங்கண்ணனே அழிச்சான். நம்பரை அழிச்சா மறந்துருமா, லூசு. பிள்ளைக்கு இன்னும் காது குத்தல. பதிமூணாம் மாசம் குத்தணும், எங்க அம்மாவோட தம்பியை மடிக்கு உக்கார வச்சிரலாம்னு பேசிக்கிட்டு இருக்காங்க. மதினி சோறு போடுவாங்க, போயிருவாங்க. எனக்குப் போடும்போது மட்டும் கையைப் பாப்பாங்க, "எரியுதா"ன்னு கேப்பாங்க. திட்டுனாக்கூடப் பரவாயில்ல. எனக்கு இதெல்லாம் பிடிக்காது.

இன்னிக்குக் காலையில நான் பையைக் கட்டிக்கிட்டு இருந்தேன். ரூபன் சொன்ன வேலைக்குத்தான் போறேன், பாதிக் கை ஆறுனாப் போதும்னுட்டான். மதினி பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு வந்து கதவோரம் நின்னாங்க. பிள்ளை கன்னத்துல தழும்பு லேசாத் தெரியுது.

"மாவிளக்குத் தட்டைக் கையில வச்சிக்கிட்டுத் திரும்பிப் பாத்தேன்"னாங்க. "நீ கரை மேல போன் பேசிக்கிட்டு நின்ன."

எனக்குக் கோவம்தான் வந்துச்சு. "அப்ப அன்னிக்கே சொல்லியிருக்க வேண்டியதுதான? எல்லாரும் இருந்தாங்கள்ல?"ன்னேன்.

"பாத்ததும் நானாவது வண்டிக்கிட்ட வந்திருக்கணும்ல ஈஸ்வரா. ஏசி ஓடுதேன்னு விட்டுட்டேன். அதோட, எங்கண்ணனுக்காக நான் சொன்னா யாரு நம்புவா? பொறந்த வீட்டுக்குப் பரிஞ்சு பேசுறாம்பாங்க. நீ சொன்னா நம்புவாங்க." பிள்ளையை மறு இடுப்புக்கு மாத்துனாங்க. "உன்னை யாரும் ஒன்னும் சொல்ல விடமாட்டேன். மாமா காலுல விழு, மன்னிப்புக் கேளுன்னெல்லாம் நான் சொல்லல. உங்கண்ணன்தான் பஸ்ஸுக்கு விட வருது. நானாத்தான் இறங்குனேன்னு அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஏறு. அது போதும். மிச்சத்தை நான் பாத்துக்கிறேன். எங்கண்ணன் வந்துரும்."

பையைத் தூக்கிட்டு வெளிய வந்துட்டேன். பிள்ளை டாட்டா காட்டுச்சு. பழகிப்போச்சு அதுக்கு, யாரைப் பாத்தாலும் காட்டுது.

எங்கண்ணன் பைக்குல பின்னாடி உக்காந்து வந்தேன். வழியில ரயில்வே கேட் போட்டுட்டாங்க. முன்னாடி ஒரு டிராக்டர், பின்னாடி ஒரு பால் வண்டி. அவன் இன்ஜினை நிறுத்திட்டான். எதுவும் சத்தமில்ல. அவன் முதுகு மட்டும்தான் எனக்கு முன்னாடி. மூஞ்சியைப் பாத்துச் சொல்ல வேண்டிய வேலை கூட இல்ல. அவ்வளவு வசதி.

அவன் திரும்பாமலே சொன்னான். "ஏலே ஈஸ்வரா. உன்னை எத்தனையோ தடவ தண்டம்னு சொல்லியிருக்கேன். அதையெல்லாம் மனசுல வச்சிக்காத. அன்னிக்கு நீ இல்லைன்னா எனக்குப் பிள்ளை இல்லடா."

ரயில் வரல. சரக்கு வண்டியாம், தாமதமாத்தான் வருமாம். பத்து நிமிஷம் நின்னோம். பத்து நிமிஷம்னா எவ்வளவு நேரம் தெரியுமா உங்களுக்கு? ஒரு ஆளு ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் வேணும்? எனக்கு உக்கார முடியல. கால் ஆடிச்சு. பைக்கே ஆடிச்சு. "என்னடா, ஒன்னுக்கு வருதா?"ன்னான்.

"பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு, பாத்துக்க"ன்னேன்.

ரயில் போச்சு. கேட் தூக்குனாங்க. பஸ் ஸ்டாண்டுல பை தூக்கி வச்சான், தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்தான், பஸ் கிளம்புற வரைக்கும் இந்த ஜன்னலுக்குக் கீழதான் நின்னான். நீங்க பாத்திருப்பீங்க, நீலச் சட்டை. "வேற ஏதாவது சொல்லணுமாடா?"ன்னு அவனாவே கேட்டான்.

"ஒன்னுமில்ல, நீ போ"ன்னேன்.